பரஸ்பர உதவியின் வரலாற்றை எழுதியவர்: பீற்றர் குரொப்போட்கின் (1842 – 1921)

பஞ்சம் வந்தால் மனிதர் அயலவரின் பானையைப் பறிப்பர், போர் வந்தால் மிருகமாவர், ஆகவே எல்லோரையும் அடக்கிவைக்க மேலே ஒரு கை வேண்டும் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் கருத்து. அதிகாரத்தில் இருப்போர் இதை விரும்பிச் சொல்கின்றனர். அடிபட்டவர்களும் சில வேளைகளில் களைப்பினால் இதை நம்பிவிடுகின்றனர்.

இந்தக் கருத்துக்கு எதிராக, விலங்குகளின் வாழ்விலிருந்தும் மனித வரலாற்றிலிருந்தும் சான்றுகளைத் திரட்டி ஒரு நூலை எழுதியவர் ரஷ்யரான பீற்றர் குரொப்போட்கின். வசதியான நாற்காலியில் இருந்துகொண்டு மனித இனத்தைப் புகழ்ந்தவர் அல்லர் அவர். ஜார் மன்னனின் அரண்மனை, சைபீரியா, இரண்டு நாடுகளின் சிறைகள், நாற்பது ஆண்டுகால நாடுகடந்த வாழ்வு, இறுதியில் உள்நாட்டுப் போரின் பட்டினி என எல்லாவற்றையும் நேரில் கண்டவர்.

அடிமைகள் வளர்த்த பிள்ளை

1842 டிசம்பர் 9 அன்று மொஸ்கோவில் ஓர் இளவரசக் குடும்பத்தில் குரொப்போட்கின் பிறந்தார். தந்தை அலெக்சி குரொப்போட்கினுக்கு மூன்று மாகாணங்களில் ஏறக்குறைய 1,200 பண்ணை அடிமைகள் இருந்தனர். இது ஆண்களை மட்டும் எண்ணிய கணக்கு. பெண்களும் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஒரு மனிதரின் செல்வம் அவருக்கு எத்தனை அடிமைகள் என்பதைக்கொண்டே அன்று அளக்கப்பட்டது.

பீற்றருக்கு மூன்றரை வயதாக இருந்தபோது தாய் காசநோயினால் இறந்துபோனார். தந்தை மறுமணம் செய்துகொண்டார். தாயில்லாப் பிள்ளைகளான பீற்றரையும் அவரது அண்ணன் அலெக்சாந்தரையும் அரவணைத்தவர்கள் வீட்டிலிருந்த அடிமைகளே. இரக்கமுள்ளவராக இருந்த அந்தத் தாயின் நினைவுக்காக, அவர்கள் அந்தப் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளைப்போல் பார்த்துக்கொண்டனர்.

அந்த வீட்டில் மக்கார் என்றொருவர் இருந்தார். பியானோவுக்குச் சுருதி சேர்ப்பதும் பரிமாறுவதற்கு உதவுவதும் அவருடைய வேலை. ஒருநாள் அற்ப விடயமொன்றுக்காகக் கோபம்கொண்ட தந்தை, அவருக்கு நூறு கசையடி கொடுக்கும்படி எழுதி அனுப்பினார். அடிவாங்கித் திரும்பிய மக்காரின் கையை முத்தமிடுவதற்காகச் சிறுவன் பீற்றர் இருட்டு நடையில் அழுதபடி ஓடினான். மக்கார் கையை இழுத்துக்கொண்டார். வளர்ந்தபின் நீயும் இப்படித்தானே ஆவாய் என்று அவர் கேட்டது பீற்றரின் மனதில் ஆயுள் முழுவதும் தங்கிவிட்டது. பன்னிரண்டு வயதில் அவர் தன் பெயருக்கு முன்னால் இளவரசர் என்ற பட்டத்தை எழுதுவதை நிறுத்திக்கொண்டார்.

ஆனாலும் பிறப்பு அவரை அரண்மனைக்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்த்தது. சென். பீற்றர்ஸ்பேர்க்கில் அரச குடும்பத்துக்குப் பணியாளர்களையும் அதிகாரிகளையும் பயிற்றும் உயர்குடி இராணுவப் பாடசாலையில் 1857இல் சேர்க்கப்பட்டார். 1861இல் இரண்டாம் அலெக்சாந்தர் மன்னன் பண்ணை அடிமை முறையை ஒழித்தான். அதே ஆண்டில் குரொப்போட்கின் மன்னனின் நேரடி உதவியாளராக நியமிக்கப்பட்டார். அடிமைகளை விடுவித்த மன்னனை அந்த இளைஞர் முதலில் வணங்கினார். அருகிலிருந்து பார்க்கப் பார்க்க அந்த மதிப்புக் கரைந்தது. படிப்பு முடிந்தபோது எந்தப் பெரிய படைப்பிரிவையும் கேட்டுப்பெறும் உரிமை அவருக்கு இருந்தது. அவரோ, எவரும் விரும்பாத சைபீரியாவின் அமூர் கொசாக் குதிரைப்படையைக் கேட்டு எல்லோரையும் வியக்கவைத்தார்.

சைபீரியா கற்பித்த பாடம்

1862 முதல் 1867 வரையான ஐந்து ஆண்டுகள் அவரது சிந்தனையை மாற்றிவிட்டன. சீத்தா நகரில் ஆளுநர் குகெல் என்பவரின் உதவியாளராக இருந்தபோது, சிறைச்சாலைகளையும் நாடுகடத்தல் முறையையும் சீர்திருத்துவதற்கான அறிக்கைகளைத் தயாரிக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. இளைஞருக்குரிய உற்சாகத்துடன் உழைத்தார். அறிக்கைகள் தலைநகரின் அலுமாரிகளில் தூங்கின. சீர்திருத்த மனமுள்ள குகெல் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். மேலிருந்து வரும் உத்தரவினால் மக்களுக்கு நன்மை செய்துவிடலாம் என்ற நம்பிக்கையை அவர் அங்கேதான் இழந்தார்.

வேறொன்றை அங்கே கற்றுக்கொண்டார். அமூர் நதிக்கரையில் குடியேறியிருந்த துகோபோர் எனும் சமயக் குழுவினர், கட்டளையிட எவரும் இல்லாமலே நிலத்தைக் கூட்டாகப் பண்படுத்தி நன்றாக வாழ்ந்துகொண்டிருந்தனர். அரசின் உதவியோடு வந்த குடியேற்றங்கள் பல தத்தளித்தன. 1866இல் லேனா நதிப் பக்கத்துத் தங்கச் சுரங்கங்களிலிருந்து சீத்தாவுக்கு ஒரு பாதையைத் தேடிச் சென்றார். பலர் முயன்று தோற்ற பயணம் அது. பழங்குடியினர் ஒருவர் பூர்ச்சமரப் பட்டையில் கத்தி முனையால் கீறிக் கொடுத்த வரைபடமே அவருக்கு வழிகாட்டியது. எழுத்தறியாத அந்த மனிதரின் அறிவை நம்பி ஒரு குழு முழுவதும் மலைகளைக் கடந்தது. ஆணையிடுவதால் நடக்கும் காரியத்துக்கும், பொதுவான புரிந்துணர்வினால் நடக்கும் காரியத்துக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வாறான பயணங்களிலேயே கண்டதாக அவர் பின்னர் எழுதினார்.

டார்வினின் நூல் 1859இல் வெளிவந்திருந்தது. இளம் குரொப்போட்கினும் விலங்கியலாளரான அவரது நண்பர் பொல்யாகோவும் அதைப் படித்த உற்சாகத்தில், ஒரே இனத்து விலங்குகள் உணவுக்காகத் தமக்குள் போரிடும் காட்சிகளைச் சைபீரியாவில் தேடினர். அவர்கள் கண்டது வேறு. பனிப்புயல், உறைபனி, வெள்ளம், நோய் ஆகியவையே விலங்குகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றன. பிழைத்தவை பெரும்பாலும் ஒன்றாக நின்றவை. ஒருமுறை அடர்பனி வருமுன்னர் தப்புவதற்காக மிகப்பரந்த நிலப்பரப்பிலிருந்து பல்லாயிரம் மான்கள் ஒன்றுசேர்ந்து, அமூர் நதி மிக ஒடுங்கிய இடத்தைத் தெரிந்து கடந்துசென்றதை அவர் நேரில் கண்டார். இன்னொன்றையும் குறித்துக்கொண்டார். கடும் பஞ்சத்தில் பிழைத்த விலங்குகள் வலிமை பெற்று வெளிவரவில்லை. நலிந்து, நோயுற்று வந்தன. பட்டினி எவரையும் மேம்படுத்துவதில்லை என்ற இந்த முடிவு பின்னாளில் அவரது நூலின் மையக் கருத்துகளில் ஒன்றாயிற்று.

1866இல் பைக்கால் ஏரிக்கரையில் வீதி அமைத்துக்கொண்டிருந்த போலந்து நாட்டுக் கைதிகள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி நசுக்கப்பட்டு அதன் தலைவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். சகோதரர் இருவரும் இராணுவத்தை விட்டு விலகினர்.

விஞ்ஞானியிலிருந்து கைதி

தலைநகருக்குத் திரும்பிய குரொப்போட்கின் புவியியலில் மூழ்கினார். ஆசியாவின் மலைத்தொடர்கள் அன்றைய வரைபடங்கள் காட்டிய திசைகளில் அல்ல, தென்மேற்கிலிருந்து வடகிழக்காகவே ஓடுகின்றன என்பதை நிறுவினார். 1871இல் பனியாறுகளின் தடயங்களை ஆராய்வதற்காகப் பின்லாந்தில் இருந்தபோது, ரஷ்யப் புவியியற் கழகத்தின் செயலாளர் பதவியை ஏற்குமாறு தந்தி வந்தது. அவர் நெடுநாள் கனவு கண்ட பதவி அது. மறுத்துவிட்டார். சுற்றியிருக்கும் குடியானவர்கள் ஒரு துண்டு ரொட்டிக்காகப் போராடும்போது, அவர்களின் உழைப்பைத் தின்றுகொண்டு அறிவின் இன்பத்தை மட்டும் தான் அனுபவிப்பது சரியாகாது என்று அவருக்குப் பட்டது.

1872இல் சுவிற்சர்லாந்துக்குச் சென்றார். அங்கு ஜூரா மலைப்பகுதியில் கடிகாரம் செய்யும் தொழிலாளர், தலைவர்களின் ஆணைக்குக் காத்திராமல் தாமே கூடிப் பேசி முடிவெடுப்பதைப் பார்த்தார். அவர்களுடன் சில நாள்கள் தங்கிவிட்டுத் திரும்பும்போது அவர் ஓர் அராஜகவாதியாகியிருந்தார். இந்தச் சொல் தமிழில் குழப்பத்தையும் வன்முறையையும் நினைவூட்டுகிறது. அவர் கருதியது அதுவல்ல. மேலிருந்து ஆளும் அரசு இல்லாமல், ஊர்களும் தொழிற்சங்கங்களும் தாமாகக் கூடி, ஒன்றோடொன்று உடன்பட்டு வாழும் சமூகத்தையே அவர் வேண்டினார்.

ரஷ்யாவுக்குத் திரும்பி, குடியானவர் உடையில் பொரோடின் என்ற பெயரில் தொழிலாளர் குடியிருப்புகளில் இரகசியமாக வகுப்பெடுத்தார். 1874 மார்ச்சில் பனியுகம் பற்றிய தன் ஆய்வைப் புவியியற் கழகத்தில் வாசித்த கையோடு கைதானார். பீற்றர்-பால் கோட்டைச் சிறையில் தனிமையில் அடைக்கப்பட்டார். அண்ணன் அலெக்சாந்தர் தம்பிக்காக ஓடியலைந்து, எழுதுவதற்குத் தாளும் பேனையும் கிடைக்கும்படி செய்தார். அடுத்து அவரும் கைதாகிச் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அங்கே பன்னிரண்டு ஆண்டுகள் வரை காத்திருந்து, விடுதலை நெருங்கிய வேளையில் 1886இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு பிறந்த தன் ஒரே மகளுக்குக் குரொப்போட்கின் அலெக்சாந்திரா என்று பெயரிட்டார்.

சிறையில் உடல் நலிந்த குரொப்போட்கினை இராணுவ வைத்தியசாலைச் சிறைக்கு மாற்றினர். அங்கு முற்றத்தில் உலாவும்போது, கதவு திறந்திருப்பதைக் கவனித்தார். வெளியிலிருந்த தோழர்களோடு திட்டம் தீட்டப்பட்டது. வழியில் தடை இல்லை என்பதைச் சிவப்புப் பலூன் ஒன்றைப் பறக்கவிட்டு அறிவிப்பதாக ஏற்பாடு. அன்றைய தினம் பார்த்து நகரச் சந்தையில் ஒரு சிவப்புப் பலூன்கூடக் கிடைக்கவில்லை. மறுநாள் எதிர்வீட்டு யன்னலிலிருந்து வயலின் இசை கேட்டது. அதுவே புதிய சைகை. நீண்ட நோயாளி அங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். காவலாளி துப்பாக்கி முனையால் எட்டிக் குத்தும் தூரத்தில் துரத்திவந்தான். வாசலில் நின்ற குதிரை வண்டி அவரை ஏற்றிக்கொண்டு பறந்தது. பொலிஸார் தேடவே மாட்டாத இடமென்று தெரிவுசெய்து, அன்று மாலை நகரின் ஆடம்பர உணவகமொன்றில் நண்பர்களோடு உணவருந்தினார். 1876 கோடையில் பின்லாந்து, நோர்வே வழியாக இங்கிலாந்தை அடைந்தார். சொந்த மண்ணை மீண்டும் மிதிக்க 41 ஆண்டுகள் ஆயின.

ஐரோப்பாவிலும் சிறை அவரை விடவில்லை. 1881இல் சுவிற்சர்லாந்து அவரை வெளியேற்றியது. 1883இல் லியோன் நகர நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. கிளெர்வோ சிறையில் மலேரியாவும் ஸ்கேர்வி நோயும் அவரை வாட்டின. அங்கும் சக கைதிகளுக்கு வகுப்பெடுத்தார், தோட்டம் செய்தார். விக்டர் ஹியூகோ உட்படப் பல அறிஞர்கள் அவரை விடுவிக்கக் கோரி மனுவில் ஒப்பமிட்டனர். 1886 ஜனவரியில் விடுதலையாகி இங்கிலாந்தில் குடியேறினார். மனைவி சோபியாவோடும் மகளோடும் சிறிய வீடுகளில் வாழ்ந்து, விஞ்ஞானச் சஞ்சிகைகளுக்கு எழுதிக் கிடைத்த பணத்தில் சீவித்தார்.

ஹக்ஸ்லிக்கு ஒரு பதில்

1888 பெப்ரவரியில், டார்வினின் கருத்துகளுக்காக வாதாடுவதில் முன்னின்ற தோமஸ் ஹக்ஸ்லி ஒரு கட்டுரை எழுதினார். விலங்குலகம் வாள்வீரர்கள் பொருதும் களத்தைப் போன்றது, ஆதி மனிதனும் ஓயாத சண்டையிலேயே வாழ்ந்தான் என்பது அதன் சாரம். வலியோர் மெலியோரை நசுக்குவது இயற்கையின் சட்டம் என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்த முதலாளிகளுக்கும் பேரரசுவாதிகளுக்கும் இப்படியான கருத்துகள் வசதியாயின. ஹக்ஸ்லியின் கட்டுரை வந்த அதே சஞ்சிகையில், 1890 முதல் 1896 வரை குரொப்போட்கின் தொடராகப் பதில் எழுதினார். அவை 1902இல் ‘பரஸ்பர உதவி’ என்ற நூலாக வெளிவந்தன.

டார்வினை அவர் மறுக்கவில்லை. போட்டி இல்லை என்றும் சொல்லவில்லை. கூர்ப்பில் போட்டியைப் போலவே ஒத்துழைப்பும் ஒரு காரணி, அது மறக்கப்பட்டுவிட்டது என்பதே அவரது வாதம். ரஷ்ய விலங்கியலாளர் கார்ல் கெஸ்லர் 1880இல் ஆற்றிய விரிவுரை ஒன்றில் இந்த எண்ணத்தின் விதை இருந்தது. குரொப்போட்கின் அதைக் கிளெர்வோ சிறையில் இருந்தபோது படித்திருந்தார்.

நூல் விலங்குகளில் தொடங்குகிறது. பசித்த எறும்புக்கு வயிறு நிறைந்த எறும்பு தன் உணவைக் கக்கிக் கொடுக்கிறது. கூழைக்கடாக்கள் நீரில் அரைவட்டமாக அணிவகுத்து மீன்களைக் கரைப்பக்கம் ஒதுக்கிப் பிடிக்கின்றன. பிரைற்றன் நகர நீர்வாழ் உயிரினக் காட்சிச்சாலையில் 1882இல் அவர் கண்ட காட்சியும் அதில் வருகிறது. மல்லாந்து விழுந்து நிமிர முடியாமல் தவித்த ஒரு பெரிய நண்டை, மற்ற நண்டுகள் மணிக்கணக்காகத் தூக்கிவிட முயன்றன. தூக்கும்போதெல்லாம் ஓர் இரும்புக் கம்பி தடுத்தது. அவை விட்டுச் சென்று, வேறு நண்டுகளோடு திரும்பிவந்து மீண்டும் முயன்றன.

அடுத்து மனிதர். வட அமெரிக்காவின் யூக்கொன் பகுதியில், செல்வம் சேர்த்த ஒரு குடும்பம் உறவினரை அழைத்து விருந்து வைத்தது. 10 துப்பாக்கிகள், 200 மணிச்சரங்கள், தோல்கள், போர்வைகள் எல்லாவற்றையும் பகிர்ந்தளித்தது. இறுதியில் உடுத்திருந்த விழா உடைகளையும் கொடுத்துவிட்டு, கந்தலைப் போர்த்திக்கொண்டு, தாம் இப்போது எல்லோரிலும் ஏழையென்றாலும் உங்கள் நட்பை வென்றுவிட்டோம் என்றது. செல்வம் ஓரிடத்தில் குவிந்து சமத்துவம் குலையாமலிருக்க அந்த மக்கள் கண்ட வழி இது என்று குரொப்போட்கின் விளங்கிக்கொண்டார்.

போரினாலும் பசியினாலும் அலைந்தவர்கள் கவனிக்கவேண்டிய ஒரு சம்பவமும் அந்நூலில் உள்ளது. 1867–68இல் அல்ஜீரியாவைக் கொடும் பஞ்சம் தாக்கியது. மலைவாழ் கபீலியர்கள் தம் கிராமங்களுக்கு வந்த எவரையும், எந்த இனம், எந்த ஊர் என்று கேளாமல் ஏற்று உணவளித்தனர். டெலிஸ் மாவட்டத்தில் மட்டும் 12,000 பேருக்கு இவ்வாறு உணவு கிடைத்தது. மொரோக்கோவிலிருந்து வந்தவர்களும் அவர்களில் அடங்குவர். கொடுத்தவர்கள் தம்மை வருத்தியே கொடுத்தனர். அதைப் பெரிய தர்மமாக அவர்கள் பேசிக்கொள்ளவுமில்லை.

இவ்வளவு நடந்தும் வரலாறு ஏன் போர்களால் நிறைந்திருக்கிறது? இந்தக் கேள்விக்கு அவர் தந்த பதில் எளிமையானது. வரலாறு எழுதியோர் ஒவ்வொரு சிறு சண்டையையும் குறித்துவைத்தனர். அந்தச் சண்டைகளுக்கிடையே பெரும்பான்மையான மக்கள் நிலத்தை உழுததையும், கிணறு வெட்டியதையும், அனாதைகளை வளர்த்ததையும் எவரும் எழுதவில்லை. பிற்காலத்தவர் ஆவணங்களைப் புரட்டும்போது இரத்தம் மட்டுமே கண்ணில் படுகிறது. நகரச் சேரிகளில் ஒருத்தி நோயில் விழுந்தால் அடுத்த வீட்டுத் தாய் அவளது பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சமைப்பதை அவர் இதே நூலில் பதிவுசெய்தார். பேரழிவிலிருந்து மீண்டு வந்த எவருக்கும் இது புதிய செய்தியல்ல. ஆனால் அது எழுதப்படவேண்டிய செய்தி என்று சொன்னவர் அவர்.

நூலில் குறைகள் உண்டு. பழைய சமூகங்களைச் சில இடங்களில் அழகுபடுத்திக் காட்டினார். இருந்தும் பிற்கால அறிவியல் அவரை ஒதுக்கிவிடவில்லை. டார்வினும் வொலசும் உயிர்கள் நெருங்கி வாழும் வெப்பமண்டலங்களில் ஆய்வு செய்தனர், ரஷ்ய விஞ்ஞானிகள் உயிர்கள் அரிதான குளிர்வெளியில் ஆய்வு செய்தனர், ஆகவே இரு தரப்பும் இயற்கையின் வெவ்வேறு முகங்களைக் கண்டனர் என்று அமெரிக்க உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் விளக்கினார். கலகாரியில் வேட்டையாடி வாழும் மக்கள், பெரிய விலங்கைக் கொன்று வரும் வேட்டைக்காரனை வேண்டுமென்றே ஏளனம் செய்வதை மானிடவியலாளர் றிச்சர்ட் லீ பதிவுசெய்தார். அவனுக்குத் தலைக்கனம் ஏறி, நாளை மற்றவர்களை ஆளத் துணியக்கூடாது என்பதே காரணம். கிறிஸ்தோபர் போம் 1999இல் வெளியிட்ட நூலில், மனிதர் நெடுங்காலம் சமத்துவமாக வாழ்ந்தது அதிகார ஆசை இல்லாததால் அல்ல, ஆசைப்பட்டவனைப் பலர் சேர்ந்து கட்டுப்படுத்தியதால் என்று வாதிட்டார். சமத்துவம் தானாகக் கிடைப்பதில்லை, காக்கப்படுகிறது என்பது குரொப்போட்கினின் நூலுக்குச் சேர்க்கவேண்டிய திருத்தம்.

எல்லைக்கோட்டில் தடுக்கியவர்

கடினமான கேள்வியொன்றை அவரே எழுப்பியிருந்தார். பழங்குடி மனிதனுக்கு இரண்டு ஒழுக்கங்கள் இருந்தன: தன் கூட்டத்துக்குள் ஒன்று, வெளியாருக்கு இன்னொன்று. உள்ளே பகிர்வு, வெளியே பகை. நாகரிக மனிதரும் இந்த இரட்டை ஒழுக்கத்தை விட்டுவிடவில்லை என்று அவர் எழுதினார். அந்த வட்டத்தை விரித்துக்கொண்டே போவதுதான் மனித முன்னேற்றம் என்று நம்பினார்.

1914இல் முதலாம் உலகப்போர் வெடித்தபோது அந்தச் சோதனை அவருக்கே வந்தது. வாழ்நாள் முழுவதும் அரசுகளின் போர்களை எதிர்த்தவர், ஜேர்மனி வென்றால் பிரெஞ்சுப் புரட்சியின் பேறுகள் அழிந்துவிடும் என்று கருதி நேச நாடுகளின் பக்கம் நின்றார். 1916இல் அதை ஆதரித்து வெளிவந்த அறிக்கையிலும் ஒப்பமிட்டார். நெடுநாள் தோழரான இத்தாலியர் மலத்தெஸ்தா அவரைப் பகிரங்கமாக எதிர்த்தார். இயக்கத்தின் பெரும்பகுதி அவரைக் கைவிட்டது. பிரான்சினதும் பெல்ஜியத்தினதும் துயரத்தை உணர்ந்த அவரால், மறுபக்க அகழிகளில் இறந்த தொழிலாளரை அதே அளவுக்குக் காண முடியாமற் போயிற்று. மனித வட்டத்தை விரிக்கச் சொன்னவருக்கே போர்க்காலத்தில் வட்டம் சுருங்கிவிட்டது. அவரை மதிப்போர் இதை மறைக்கவேண்டியதில்லை.

பட்டினிக்குள் ஒரு குரல்

1917 பெப்ரவரிப் புரட்சியின் பின் தன் 74ஆவது வயதில் நாடு திரும்பினார். நள்ளிரவு தாண்டியும் பெருங்கூட்டம் புகையிரத நிலையத்தில் காத்திருந்து வரவேற்றது. கெரென்ஸ்கி தந்த அமைச்சர் பதவியை மறுத்தார். போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்த பின்னர், 1918இல் மொஸ்கோவுக்கு வடக்கேயுள்ள டிமித்ரோவ் என்ற சிறு நகருக்குக் குடிபெயர்ந்தார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. விறகும் விளக்கெண்ணெயும் தட்டுப்பாடு. ஒரு பசுவும் சோபியாவின் காய்கறித் தோட்டமும் குடும்பத்தைக் காப்பாற்றின. அந்த நிலையிலும் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் கூட்டங்களுக்குச் சென்றார். குறைந்த வெளிச்சத்தில் அறவியல் பற்றிய தன் கடைசி நூலை எழுதிக்கொண்டிருந்தார்.

1919இல் லெனினைச் சந்தித்தார். கூட்டுறவுச் சங்கங்களை அதிகாரிகள் நசுக்குவதைப் பற்றி முறையிட்டார். 1920 மார்ச்சில் எழுதிய கடிதத்தில், டிமித்ரோவின் அஞ்சல், தந்தி ஊழியர் பட்டினியில் வாடுவதைச் சொன்னார். ஒரு கட்சியின் ஆணையால் மட்டும் புதிய சமூகத்தைக் கட்ட முடியாது என்றும் எச்சரித்தார்.

அதே ஆண்டு டிசம்பரில் அனுப்பிய கடிதமே மிக முக்கியமானது. சோவியத் தலைவர்களைக் கொல்ல எவரேனும் முயன்றால், பிடித்துவைத்துள்ள எதிர்த்தரப்புப் பணயக்கைதிகள் கொல்லப்படுவர் என்ற அறிவித்தலைப் பத்திரிகையில் கண்டார். அந்தக் கைதிகளில் வெண்படையின் அதிகாரிகளும் இருந்தனர். குரொப்போட்கினின் இலட்சியங்களுக்கு முழு எதிரிகள் அவர்கள். அவர்களுக்காகவே அவர் எழுதினார். ஒருவரின் குற்றத்துக்கு இன்னொருவரைக் கொல்வது மத்தியகாலத்தின் இருண்ட நாள்களுக்குத் திரும்புவது என்றும், இப்படி ஓர் ஆட்சி தன் எதிர்காலத்தைத் தானே அழிக்கிறது என்றும் கண்டித்தார். 1914இல் தவறவிட்டதை, 78 வயதில், நோயிலும் பசியிலும் இருந்தபடி அவர் செய்தார். தன் பக்கத்தாருக்கு மட்டும் இரங்குவதை அவர் இப்போது போதுமென்று கொள்ளவில்லை.

1921 பெப்ரவரி 8 அதிகாலை நியூமோனியாவினால் காலமானார். அரச மரியாதையுடன் அடக்கம் செய்ய அரசு முன்வந்ததைக் குடும்பத்தினர் ஏற்கவில்லை. மொஸ்கோவில் தொழிற்சங்க மாளிகையின் மண்டபத்தில் உடல் வைக்கப்பட்டது. அஞ்சலி செலுத்துவதற்காகச் சிறையிலிருந்த அராஜகவாதிகளை விடவேண்டும் என்று தோழர்கள் வற்புறுத்தினர். இறுதியில் ஏழு பேர், திரும்பிவருவதாகக் கொடுத்த வாக்கின் பேரில், அந்த ஒருநாள் மட்டும் விடப்பட்டனர்.

பெப்ரவரி 13 அன்று உறைபனியில் பல்லாயிரம் பேர் கறுப்புக் கொடிகளுடன் நோவோதேவிச்சி மயானம்வரை நடந்தனர். டொல்ஸ்ரோய் நினைவில்லத்தைக் கடக்கும்போது உள்ளிருந்து சோக இசை ஒலித்தது. புத்திர்க்கி சிறைச்சாலையைக் கடக்கும்போது கைதிகள் கம்பிகளைத் தட்டி விடைகொடுத்தனர். ஒருநாள் விடுதலை பெற்றவர்களில் ஒருவரான ஆரொன் பரோன் சவக்குழியருகே நின்று அரசின் கொடுமைகளைக் கண்டித்துப் பேசினார்.

கூட்டத்தில் மறைந்து தப்பிவிட அவர்களுக்கு வழி இருந்தது. ஏழு பேரும் அன்றிரவே சிறைக்குத் திரும்பினர். அவர்கள் திரும்பாவிட்டால், அவர்களின் வாக்குக்குப் பொறுப்பு நின்ற தோழர்கள் சிக்கலில் மாட்டியிருப்பர்.

அவர் பிறந்த வீட்டில் அமைந்த நினைவு நூதனசாலை 1938இல் மூடப்பட்டது. மொஸ்கோவின் சுரங்கப் புகையிரத நிலையமொன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. முற்றுப்பெறாத அறவியல் நூல் இறந்த மறு ஆண்டில் வெளிவந்தது. அவர் விட்டுச் சென்ற வேலை இன்னும் மீதமிருக்கிறது. எத்தனை பேர் இறந்தனர், யார் கொன்றனர் என்பவை எழுதப்படத்தான் வேண்டும். அவற்றோடு, இருந்த ஒரு பிடி அரிசியை யார் யாரோடு பகிர்ந்தார், யாருடைய பிள்ளையை யார் தூக்கிக்கொண்டு ஓடினார் என்பதும் எழுதப்படவேண்டும். அதைக் கண்டவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது நம்மால் இயலும்.